மனச்சோர்வுக்கு வேலை மருந்தாகுமா?

"சும்மா உட்கார்ந்து யோசித்துக்கொண்டே இருந்தால் மனம் கெட்டுத்தான் போகும். எழுந்து ஏதாவது ஒரு காரியத்தைப் பார்!"

மனம் ஒடிந்து கிடப்பவரைப் பார்த்து நம் வீடுகளில் பெரியவர்கள் சொல்லும் புத்திமதி இது. அன்போடுதான் சொல்கிறார்கள். ஆனால் கேட்டவர் பெரும்பாலும் எழுந்திருப்பதில்லை. போர்வையை இன்னும் கொஞ்சம் இழுத்து மூடிக்கொள்கிறார். சொன்னவருக்குக் கோபம் வருகிறது. கேட்டவருக்கோ, 'இதுகூட என்னால் முடியவில்லையே' என்ற வெட்கம் மிகுகிறது.

அந்தப் புத்திமதி சரியா, தவறா? சுறுசுறுப்பாக இருப்பதும், வாழ்க்கையில் ஒரு குறிக்கோளை வைத்துக்கொள்வதும் மனச்சோர்வைப் போக்குமா? இதற்கு ஊகமாகப் பதில் சொன்ன காலம் போய்விட்டது. சுமார் 50 ஆண்டுகளாக மனநல நிபுணர்கள் இதைச் சோதித்து வருகிறார்கள். அந்தச் சோதனைகளில் மிக முக்கியமான ஒன்று நம் நாட்டிலேயே, கோவாவில் நடந்திருக்கிறது. அதன் முடிவைச் சுருக்கமாகச் சொல்வதானால், வேலை மருந்துதான். ஆனால் அதைப் புகட்டுகிற விதம் ஒன்று இருக்கிறது. அந்த விதம் தவறினால் மருந்தே உபத்திரவமாகிவிடும்.

இருபது பேரில் ஒருவர்

பெங்களூரிலுள்ள 'நிம்ஹான்ஸ்' நிறுவனம் 2015-16-ல் 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வை நடத்தியது. தமிழ்நாடும் அவற்றில் ஒன்று. வயது வந்தவர்களில் ஏறத்தாழ 20 பேருக்கு ஒருவர், வாழ்நாளில் ஏதாவது ஒரு சமயம் மனச்சோர்வு நோய்க்கு ஆளாகியிருக்கிறார் என்று அந்த ஆய்வு கண்டது. அதைவிடக் கவலை தரும் கணக்கு ஒன்றும் அதில் இருந்தது. மனநோய்களால் வருந்துவோரில், நோய்க்கு நோய் வேறுபட்டு, 100-க்கு 70 முதல் 92 பேர் வரை எந்தச் சிகிச்சையும் பெறவில்லை.

காரணங்கள் பல. 'பைத்தியம்' என்று ஊர் சொல்லுமோ என்ற அச்சம் ஒன்று. இது நோய் என்றே தெரியாமை மற்றொன்று. போய்ப் பார்க்க டாக்டர் இல்லாமை இன்னொன்று. இந்தியாவில் லட்சம் பேருக்கு 0.75 மனநல மருத்துவர்தான் இருக்கிறார் என்று நாடாளுமன்ற நிலைக்குழு 2023-ல் சுட்டிக்காட்டியது. அதாவது, லட்சம் பேருக்கு ஒருவர் என்ற கணக்குக்கூடத் தேறவில்லை.

ஆகவே, பெரும்பாலான நோயாளிகளுக்குக் கிடைக்கிற ஒரே வைத்தியம், 'எழுந்து வேலையைப் பார்' என்ற அந்தப் புத்திமதிதான். அது பலிக்குமா, பலிக்காதா என்பது வெறும் ஏட்டு விவகாரம் அன்று. கோடிக்கணக்கான குடும்பங்களின் விவகாரம்.

துக்கம் வேறு, நோய் வேறு

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். துக்கம் எல்லோருக்கும் வருவது. பரீட்சையில் தோற்றால் வருகிறது. வேண்டியவர் இறந்தால் வருகிறது. நாள் செல்லச் செல்ல அது தணிகிறது. நடுவிலே ஒரு நல்ல செய்தி வந்தால் முகம் மலரவும் செய்கிறது.

மனச்சோர்வு நோய் அப்படியன்று. இரண்டு வாரத்துக்கு மேல், ஏறக்குறைய நாள் முழுவதும், மனம் கவிழ்ந்தே கிடக்கும். முன்பு ஆசையாகச் செய்த காரியம் எதிலும் சுவை இராது. தூக்கம் கெடும், அல்லது எந்நேரமும் தூக்கமே வரும். பசி குறையும் அல்லது மிஞ்சும். உடம்பு அசதியாக இருக்கும். எதிலும் கவனம் நிற்காது. தான் ஒன்றுக்கும் உதவாதவன் என்ற எண்ணம் தலைதூக்கும். சிலருக்கு உயிர் வாழ்வதே வீண் என்றும் தோன்றும். இந்தக் குறிகளில் பல சேர்ந்து வந்து, அன்றாட வாழ்க்கையையே முடக்கிவிட்டால் அது நோய். அதைச் சோம்பேறித்தனம் என்று சொல்வது, காய்ச்சலில் கிடப்பவனைச் சோம்பேறி என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

செக்கு மாடு சுற்றுகிற மாதிரி

இந்த நோய் ஒருவரைப் பிடித்துக்கொள்கிற வகையை அமெரிக்க உளவியல் அறிஞர்கள் சார்லஸ் ஃபெர்ஸ்டர், பீட்டர் லெவின்சன் ஆகியோர் 1970-களில் விளக்கினார்கள்.

ஓர் உதாரணம் பார்க்கலாம். வியாபாரத்தில் நஷ்டப்பட்ட ஒருவர் மனம் வாடுகிறார். மாலையில் கடைத்தெருவுக்குப் போனால் நாலு பேர் கேட்பார்களே என்று கூசி வீட்டிலேயே இருந்துவிடுகிறார். அன்றைக்கு அது நிம்மதியாக இருக்கிறது. மறுநாளும் போவதில்லை. நண்பர்களோடு பேசிச் சிரிக்கிற அந்த அரை மணி நேரம் வாழ்விலிருந்து போய்விடுகிறது. பிறகு கோயிலுக்குப் போவது நிற்கிறது. சவரம் செய்துகொள்வது தள்ளிப்போகிறது. மனத்துக்குச் சிறிதேனும் சுவை தந்த காரியங்கள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுகின்றன. சுவை குறையக் குறைய மனம் மேலும் வாடுகிறது. மனம் வாட வாட மேலும் ஒதுங்குகிறார். செக்கு மாடு போல ஒரே வட்டம்!

இந்த வட்டத்தை எங்கே அறுப்பது? மனத்தை முதலில் சரிசெய்தால் காரியம் தானே நடக்கும் என்பது நாம் எல்லோரும் நினைப்பது. 'மனம் இருந்தால் மார்க்கம் உண்டு' என்பதும் நம் பழமொழி. ஆனால் அந்த அறிஞர்கள் பழமொழியைத் திருப்பிப் போட்டார்கள். மார்க்கத்தில் நடக்கத் தொடங்கினால் மனம் பின்னாலே வரும் என்றார்கள். உற்சாகம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உற்சாகம் இல்லாமலே சிறு காரியம் ஒன்றைச் செய்யத் தொடங்கலாம். செய்கிறபோதோ, செய்து முடித்த பிறகோ, சிறிது உற்சாகம் பிறக்கும். இதன் அடிப்படையில் எழுந்த முறைக்குச் 'செயல் தூண்டல் சிகிச்சை' என்று பெயர் கொடுக்கலாம்.

வேலை போன ஒரு கிராமம்

செயல் ஓய்ந்தால் மனமும் ஓய்ந்துவிடும் என்பதற்குப் பழைய சாட்சி ஒன்று ஐரோப்பாவில் இருக்கிறது. ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவுக்கு அருகில் மரியன்டால் என்று ஓர் ஊர். ஊர் முழுவதும் ஒரே நெசவாலையை நம்பிப் பிழைத்தது. உலகப் பொருளாதார மந்தத்தின்போது, 1930-ஐ ஒட்டி, அந்த ஆலை மூடப்பட்டது. மேரி யாஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ஸெய்சல் என்ற ஆராய்ச்சியாளர்கள் அந்த ஊரை ஆராய்ந்து 1933-ல் ஒரு நூல் வெளியிட்டார்கள்.

வேலை போனால் பணம் போகும். ஆனால் நேரம் கிடைக்கும். படிக்கலாம், பாடலாம், அரசியல் பேசலாம் என்று எண்ணத் தோன்றும். நடந்தது அதற்கு நேர்மாறு. ஊர் நூல்நிலையத்தில் புத்தகம் எடுப்பது பெருமளவு குறைந்தது. சங்கங்கள் களையிழந்தன. ஆண்கள் தெருவில் நடக்கிற வேகத்தைக்கூட ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டார்கள். அவர்கள் மெல்ல நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். காலையில் எழுந்ததிலிருந்து இரவு வரை என்ன செய்தீர்கள் என்று கேட்டால், பலருக்குச் சொல்லத் தெரியவில்லை. வீட்டு வேலை குறையாத பெண்கள் மட்டும் வேகமாக நடந்தார்கள்.

யாஹோடா பிற்காலத்தில் இதிலிருந்து ஒரு கருத்தை விரித்துச் சொன்னார். வேலை சம்பளம் மட்டும் தருவதில்லை. நாளுக்கு ஓர் ஒழுங்கைத் தருகிறது. வீட்டுக்கு வெளியே நாலு பேர் பழக்கத்தைத் தருகிறது. பலரும் சேர்ந்து செய்யும் ஒரு காரியத்தில் பங்கு தருகிறது. ஊரில் ஒரு மதிப்பையும் தருகிறது. 2020-ல் அதே ஊர்ப் பகுதியில், நெடுநாள் வேலையில்லாதவர்களுக்கு வேலை உறுதி தரும் திட்டம் ஒன்று தொடங்கியது. ஆக்ஸ்ஃபோர்டு பொருளாதார நிபுணர்கள் அதை ஆராய்ந்தபோது, சேர்ந்தவர்களின் மன நலமும், அன்றாட ஒழுங்கும், சமூகத் தொடர்பும் மேம்பட்டிருந்ததைக் கண்டார்கள்.

சோதனையில் தேறியதா?

இவையெல்லாம் ஓர் ஊர் முழுவதைப் பற்றிய செய்தி. நோய் முற்றிய தனி மனிதருக்கு இது பயன்படுமா?

அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் நீல் ஜேக்கப்ஸன் என்ற அறிஞர் சுமார் 150 நோயாளிகளைக் கொண்டு ஒரு சோதனை நடத்தி, 1996-ல் முடிவை வெளியிட்டார். எண்ணங்களை அலசித் திருத்துகிற முழுச் சிகிச்சை ஒரு பிரிவினருக்கு. செயலைத் தூண்டும் பகுதி மட்டும் இன்னொரு பிரிவினருக்கு. இரண்டும் சமமாகவே பலன் தந்தன. 2006-ல் வெளியான மற்றொரு சோதனையில் 241 பேர் பங்குகொண்டார்கள். நோய் கடுமையாக இருந்தவர்களிடையே செயல் தூண்டல் முறை, மாத்திரைக்கு இணையாக நின்றது.

2016-ல் இங்கிலாந்தில் நடந்த சோதனை செலவுக் கணக்கையும் பார்த்தது. 440 பேரில் ஒரு பாதியினருக்கு நன்கு பயின்ற உளவியல் நிபுணர்கள் வழக்கமான சிகிச்சை தந்தார்கள். மறு பாதியினருக்கு அவ்வளவு படிப்பில்லாத இளநிலை ஊழியர்கள் செயல் தூண்டல் சிகிச்சை தந்தார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, இரண்டாவது முறை முதலாவதற்குச் சளைக்கவில்லை. செலவோ குறைவு.

படிப்புக் குறைந்தவர்களும் இதைச் செய்ய முடியும் என்றால், டாக்டர் பஞ்சமுள்ள நாட்டுக்கு அது பெரிய செய்தியல்லவா? அந்தச் செய்தியை மெய்ப்பித்த இடம்தான் கோவா.

கோவாவில் நடந்தது

கோவாவில் 'சங்கத்' என்ற சேவை நிறுவனம் 1996 முதல் இயங்கி வருகிறது. அதை நிறுவியவர்களில் ஒருவரான டாக்டர் விக்ரம் படேலும் அவருடைய குழுவினரும், 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில் இந்த முறையைச் சோதித்தார்கள். காய்ச்சலுக்கும் முதுகுவலிக்கும் மருந்து வாங்க வந்தவர்களைச் சில கேள்விகள் கேட்டு, கடுமையான மனச்சோர்வு உள்ள 495 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். பெரும்பாலோர் பெண்கள்.

குலுக்கல் முறையில் அவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்குச் சுகாதார நிலைய டாக்டரின் வழக்கமான கவனிப்பு. மற்றொரு பிரிவினருக்கு அதோடு கூட ஓர் ஆலோசகரின் துணை. அந்த ஆலோசகர் டாக்டர் அல்லர், நர்ஸும் அல்லர். அந்த வட்டாரத்து மனிதர். மனநலத் துறையில் முன்பயிற்சி எதுவும் இல்லாதவர். சில வாரப் பயிற்சி பெற்று வந்தவர். அவர் நோயாளியை 6 முதல் 8 முறை சந்திப்பார். ஒவ்வொரு சந்திப்பும் அரை மணி அல்லது அதற்குச் சற்றுக் கூடுதலான நேரம். நோயாளியால் சுகாதார நிலையத்துக்கு வர முடியாவிட்டால் ஆலோசகரே வீடு தேடிப் போவார்.

மூன்று மாதம் கழித்துக் கணக்குப் பார்த்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 100-க்கு 39 பேர் நோயின் பிடியிலிருந்து விடுபட்டிருந்தார்கள். ஆலோசகரின் துணையும் பெற்றவர்களில் 100-க்கு 64 பேர் விடுபட்டிருந்தார்கள். உயிர் மீது வெறுப்புக் கொள்ளும் எண்ணம் குறைந்தது. வேலைக்குப் போக முடியாமல் கிடக்கும் நாட்கள் குறைந்தன. கணவனிடம் அடிபடுவதும் அந்தப் பெண்களிடையே குறைவாக இருந்தது. 'லான்செட்' மருத்துவப் பத்திரிகை 2016 டிசம்பரில் இந்த முடிவை வெளியிட்டது. ஓராண்டு கழித்துப் பார்த்தபோதும் நன்மை நிலைத்திருந்தது. நோயாளிகள் எந்த அளவுக்குச் செயலில் இறங்கினார்களோ, அதற்கும் குணத்துக்கும் தொடர்பு இருந்ததும் தெரிந்தது.

ஆலோசகர் என்ன செய்தார்?

'எழுந்து வேலையைப் பார்' என்று அவர் ஒருபோதும் சொல்லவில்லை. வீட்டுப் புத்திமதிக்கும் இந்தச் சிகிச்சைக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது.

முதல் சந்திப்பில் அவர் கேட்டார், கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, இது ஒரு நோய், இதில் உங்கள் குற்றம் எதுவுமில்லை என்று விளக்கினார். அந்தச் செக்கு வட்டத்தை நோயாளியின் சொந்த வாழ்க்கையிலிருந்தே எடுத்துக் காட்டினார். அடுத்த வாரம் வரை என்னென்ன செய்தார், அப்போது மனம் எப்படி இருந்தது என்று குறித்துவரச் சொன்னார். எழுதத் தெரியாதவர் வாயால் சொல்லலாம்.

அந்தக் குறிப்பு ஒரு கண்ணாடி போல. 'எந்நேரமும் ஒரே இருட்டு' என்று நினைத்திருந்தவருக்கு, பக்கத்து வீட்டுக் குழந்தையோடு பேசிய அந்தப் பத்து நிமிஷம் இருட்டு சற்று விலகியிருந்தது என்பது அப்போதுதான் தெரியவருகிறது. அந்தப் பத்து நிமிஷத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். அதையே நாளைக்கும் செய்வது என்று நேரம் குறிக்கிறார்கள். மெல்ல மெல்ல இன்னொன்றைச் சேர்க்கிறார்கள். கஷ்டத்துக்கு ஒரு காரணம் இருந்தால், அதைத் தீர்க்கும் வழிகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கிறார்கள். வீட்டில் நம்பிக்கைக்கு உரிய ஒருவரையும் கூடவே சேர்த்துக்கொள்கிறார்கள்.

ஆக, காரியத்தைத் தேர்ந்தெடுப்பவர் நோயாளி. அளவு சிறியது. நேரம் குறித்தது. கேட்பதற்கு ஓர் ஆள் மறுவாரம் வருகிறார். இந்த நான்கும் சேர்ந்தால்தான் அது சிகிச்சை. இவை இல்லாத 'வேலையைப் பார்', வெறும் அதட்டல்.

குறிக்கோள் எப்படி இருக்க வேண்டும்?

மனச்சோர்வு உள்ளவருக்குக் குறிக்கோளே கிடையாது என்று பலர் எண்ணுகிறார்கள். இங்கிலாந்தில் ஜோன் டிக்ஸன் முதலியோர் 2011-ல் வெளியிட்ட ஆராய்ச்சி இதைப் பொய்யாக்கியது. சோர்வுற்றவர்களும் மற்றவர்களைப் போலவே குறிக்கோள்களை வைத்திருந்தார்கள். அவற்றை அடைய விருப்பமும் இருந்தது. ஆனால் 'அது நமக்குக் கிட்டாது' என்ற அவநம்பிக்கைதான் அவர்களிடம் மிகுதி.

ஆகவே, 'பெரிய இலட்சியமாக வை' என்று சொல்வதால் பயனில்லை. 'நல்ல தகப்பனாக இருக்க வேண்டும்' என்பது இலட்சியம். ஆனால் அது இன்றைக்கு எட்டியதா, இல்லையா என்று எப்படித் தெரியும்? 'இன்று மாலை 6 மணிக்கு மகனைக் கடைத்தெருவுக்கு அழைத்துப் போவது' என்பது எட்டக்கூடிய காரியம். செய்து முடித்தால் முடிந்தது என்று சொல்லலாம். அந்த ஒரு சொல்தான் 'நமக்குக் கிட்டாது' என்ற அவநம்பிக்கைக்கு மாற்று.

ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே நாட்டிலும் இதே பாடம் கிடைத்தது. டாக்டர் டிக்ஸன் சிபாண்டா 2006 முதல் அங்கே 'நட்பு பெஞ்சு' என்ற முறையை வளர்த்தார். சுகாதார நிலைய வாசலில் மரப் பெஞ்சு போட்டு, பயிற்சி பெற்ற பாட்டிமார் அமர்ந்திருப்பார்கள். வருகிறவர் தம் கஷ்டங்களை எல்லாம் கொட்டுவார். அத்தனையிலும் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதற்கு இந்த வாரம் என்ன செய்யலாம் என்று இருவரும் திட்டமிடுவார்கள். 573 பேரைக் கொண்டு நடந்த சோதனையின் முடிவு 2016-ல் வெளியாயிற்று. ஆறு மாதத்துக்குப் பின், பெஞ்சில் அமர்ந்து பேசியவர்களில் 100-க்குச் சுமார் 14 பேரிடம் மட்டுமே மனச்சோர்வுக் குறிகள் தென்பட்டன. மற்றவர்களிடையே அது 100-க்கு 50.

இன்னொன்றும் உண்டு. எட்டாத குறிக்கோளை விட்டுவிடத் தெரிவதும் மன நலத்துக்கு அவசியம். கானடாவைச் சேர்ந்த கார்ஸ்டன் ரோஷ் என்ற அறிஞர் இதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்திருக்கிறார். கைகூடாத குறிக்கோளைக் கைவிட்டு, வேறு பொருத்தமான ஒன்றைப் பற்றிக்கொள்பவர்களின் மன நலம் மேலாக இருக்கிறது என்று அவர் கண்டார். டாக்டர் படிப்பு கிடைக்காத மாணவனுக்கு, மூன்றாம் முறையும் நான்காம் முறையும் அதே பரீட்சையைக் காட்டுவது எப்போதும் நன்மை செய்வதாகாது.

உழைத்து ஓய்ந்தவர்களுக்கு?

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். விடியுமுன் எழுந்து, தண்ணீர் பிடித்து, சமைத்து, கூலி வேலைக்குப் போய்த் திரும்பி, மறுபடியும் அடுப்படிக்குப் போகிற பெண்ணுக்கும் மனச்சோர்வு வருகிறதே! அவளிடம் போய்ச் சுறுசுறுப்பாக இரு என்பதா?

சுறுசுறுப்பு வேறு, உழைப்பின் பாரம் வேறு. அவளுடைய நாளில் காரியங்களுக்குக் குறைவில்லை. அவளுக்கென்று ஒரு காரியம்தான் இல்லை. அவளுக்கு வேண்டியது கூடுதல் வேலை அன்று. மாலையில் அரை மணி நேரம் தோழியோடு பேசுவது. விட்டுப்போன பூத்தொடுப்பையோ, பாட்டையோ, பஜனையையோ மறுபடி பிடிப்பது. சுமையில் ஒரு பங்கைக் கணவன் ஏற்பது. கோவாச் சோதனையில் நோயாளிகள் பெரும்பாலும் பெண்களாக இருந்தும் இந்த முறை பலித்தது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

தேகப்பயிற்சியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 218 சோதனைகளைத் தொகுத்து 2024-ல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' ஒரு கட்டுரை வெளியிட்டது. நடை, மெல்லோட்டம், யோகாசனம், எடை தூக்கும் பயிற்சி ஆகியவை மனச்சோர்வை ஓரளவு குறைக்கின்றன என்பது அதன் முடிவு. அந்தச் சோதனைகளில் பல அவ்வளவு உறுதியானவை அல்ல என்பதையும் அந்தக் கட்டுரையே சொல்கிறது. ஆயினும் தினமும் காலாற நடப்பதால் பெரும்பாலோருக்கு நஷ்டம் எதுவுமில்லை.

எல்லை எது?

எந்த மருந்துக்கும் எல்லை உண்டு. கோவாவில் 100-க்கு 64 பேர் தேறினார்கள் என்றால் 36 பேர் தேறவில்லை என்றும் அர்த்தம். துணை இல்லாமலே 39 பேர் தேறினார்கள் என்பதையும் மறைக்கக்கூடாது.

கோவாவில் நடந்த இரண்டு சோதனைகளில் பங்குகொண்ட 775 பேரை 4, 5 ஆண்டுகளுக்குப் பிறகு பொருளாதார நிபுணர்கள் தேடிக் கண்டார்கள். ஆலோசனை பெற்றவர்களிடையே மனச்சோர்வு, பெறாதவர்களைவிட 100-க்கு 11 பேர் அளவு குறைவாக இருந்தது. தம்மைத் தோற்றுப்போனவர்களாக எண்ணுவதும் குறைந்திருந்தது. இரண்டில் அதிகப் பலன் தந்த சிகிச்சைக்கு ஆளுக்கு 66 டாலர்தான் செலவு. இது பெரிய வெற்றி. ஆனால் அவர்களுக்குக் கூடுதலாக வேலை கிடைக்கவுமில்லை; வீட்டுச் செலவுக்குப் பணம் கூடவுமில்லை. மனம் தேறினால் வறுமையும் தானே போய்விடும் என்று யாரும் கணக்குப் போடக்கூடாது. கடனும், வேலையின்மையும், குடிகாரக் கணவனும் நிற்கிற இடத்திலேயே நிற்கலாம்.

சிலருக்கு மாத்திரை அவசியம். அதைத் தொடங்குவதும் நிறுத்துவதும் டாக்டரைக் கேட்டே நடக்க வேண்டும். தைராய்டுச் சுரப்புக் குறைந்தாலும், ரத்தசோகை இருந்தாலும் சோர்வு வரும். அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும். சோர்வும் மிதமிஞ்சிய உற்சாகமும் மாறி மாறி வருகிறவர்களுக்கு வைத்தியமே வேறு. உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு ஒருவர் வாயில் வந்துவிட்டால், அட்டவணை போட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. அவரைத் தனியே விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

வீட்டாரும் சர்க்காரும்

வீட்டார் செய்யக்கூடியது அதிகம். 'எழுந்து நட' என்பதற்குப் பதிலாக, 'வா, தெருமுனை வரை சேர்ந்து போய் வரலாம்' என்று சொல்லிப் பார்க்கலாம். வர மறுத்தால் கோபிக்காமல் நாளைக்கும் கேட்கலாம். குளித்ததும், சாப்பிட்டதும், வாசலில் வந்து உட்கார்ந்ததும் சோர்வுற்றவருக்குச் சாதனைகளே. அவற்றைக் கண்டு ஒரு நல்ல வார்த்தை சொல்லலாம். பிறரோடு ஒப்பிட்டுப் பேசாமல் இருப்பது எல்லாவற்றினும் பெரிய உதவி.

சர்க்காரும் சும்மா இருக்கவில்லை. 2017-ல் இயற்றப்பட்ட மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2018 மே மாதத்தில் அமலுக்கு வந்தது. சர்க்கார் நடத்தும் மனநலச் சேவையில் சிகிச்சை பெறுவது ஒவ்வொருவருடைய உரிமை என்று அது கூறுகிறது. 2022 அக்டோபர் 10-ஆம் தேதி 'டெலி-மானஸ்' என்ற தொலைபேசிச் சேவை தொடங்கப்பட்டது. 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும், தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை.

ஆனால் தொலைபேசி எண்ணைச் சுழற்றவும் மனம் வராத நிலைதானே இந்த நோய்! அவரைத் தேடி ஓர் ஆள் வர வேண்டும். அந்த ஆளைத் தயார் செய்வது முடியாத காரியமன்று என்பதைக் கோவா காட்டிவிட்டது. மத்தியப் பிரதேசத்தில் சேஹோர் மாவட்டத்தில், கிராம சுகாதார ஊழியர்களான 'ஆஷா' பெண்களுக்கே இந்த முறையைக் கற்பிக்கும் முயற்சி நடந்திருக்கிறது. ஆனால் ஏற்கனவே பல பொறுப்புகளைச் சுமக்கும் அந்தப் பெண்களின் தலையில் இதையும் சம்பளமில்லாமல் ஏற்றிவிட்டால், ஆலோசகருக்கே ஆலோசனை தேவைப்படும். தனி ஊதியமும், தொடர்ந்த பயிற்சியும், கடினமான நோயாளியை அனுப்புவதற்கு ஒரு டாக்டரும் வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்த அழுத்தம் பார்ப்பது போல மனச்சோர்வையும் நாலு கேள்வி கேட்டுப் பார்ப்பது வழக்கமாக வேண்டும்.

'எழுந்து ஒரு காரியத்தைப் பார்' என்று சொன்ன நம் பெரியவர்கள் மருந்தைச் சரியாகத்தான் கண்டிருந்தார்கள். அதைத் தனியே குடி என்று சோர்ந்தவர் கையில் கொடுத்ததுதான் தவறு. பக்கத்தில் உட்கார்ந்து, சிறுகச் சிறுகப் புகட்டுவதற்கு ஒவ்வொரு சுகாதார நிலையத்திலும் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளை நியமிப்பதற்கு ஆகும் செலவு, நியமிக்காமல் விடுவதால் குடும்பங்களுக்கு ஏற்படும் நஷ்டத்தோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பம்.